“இன்ஜின் போச்சு சார்” என்றார்கள், நம்பிப் பழைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டேன்

தப்பில் பாதி என்னுடையது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பதிவு. பழைய பிக்கப்பை வைத்துக்கொள்வதா, புதுசு எடுப்பதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் எங்கேயும் கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

என்னிடம் இருந்தது 14 வருஷத்து சிங்கிள் கேப், அதாவது ஒரே வரிசை சீட் உள்ள டீசல் வண்டி. 2,86,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கதவு ரப்பர் கிழிந்து மழையில் ஒழுகும், ஏசி பெயருக்கு இருந்தது, டேஷ்போர்டில் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் காலையில் ஒரே கிராங்கில் எடுக்கும். எட்டடி பிளைவுட்டைப் பின்னால் படுக்கப் போட்டுப் பின்கதவைச் சாத்திவிடலாம். என் பிழைப்புக்கு அது போதும்.

கொஞ்ச நாளாக ஆயில் வாசனை வந்துகொண்டிருந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பி, டிப்ஸ்டிக் பக்கம் லேசாகக் கசிவு. ஆயில் மாற்ற வேண்டியிருந்தபோது, வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லை. அதனால் வண்டி விற்கும் நிறுவனத்தோடு சேர்ந்த சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். பெயர் சொல்லப் போவதில்லை. இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து சர்வீஸ் அட்வைசர் உள்ளே கூப்பிட்டார். பானெட் திறந்திருக்கிறது, இன்ஜின் ஓடுகிறது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வைத்தார். மூடி தடதடவென்று ஆடியது, நாலைந்து நொடியில் துள்ளி ஓரமாக விழுந்தது. வாயிலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாக ஆவி வந்தது. “பாத்தீங்களா சார், பேக் கம்ப்ரஷன். ரிங்கு, போரு எல்லாம் தேஞ்சு போச்சு. இன்ஜின் இறக்கணும்.”

கண்ணெதிரே மூடி துள்ளும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? எனக்கு வரவில்லை.

உண்மை இதுதான். எந்த இன்ஜினிலும், புது இன்ஜினிலும்கூட, எரிந்த வாயுவில் கொஞ்சம், பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங்கைத் தாண்டிக் கீழே கிராங்க்கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடிப்பகுதிக்குள், இறங்கத்தான் செய்யும். பேக் கம்ப்ரஷன் என்று அவர் சொன்னது இதைத்தான். அது பிரீதர் குழாய், ஒரு வால்வு வழியாக மறுபடியும் காற்று உள்ளே போகும் பாதைக்குத் திரும்பிவிடும். அந்த வால்வோ குழாயோ ஆயில் சேறு படிந்து அடைத்துக்கொண்டால், வாயு போக வழியில்லாமல் உள்ளேயே அழுத்தம் ஏறும். அப்போது டிப்ஸ்டிக் பக்கம் கசியும், சீல்களில் ஆயில் ஒழுகும், மூடியைத் திறந்தால் துள்ளும். ரிங் தேய்ந்தாலும் இதே அறிகுறிகள்தான். எது என்று மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்து பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எண் வரும். டீசலில் பொதுவாக 300 முதல் 500 பிஎஸ்ஐக்குள் இருக்கும், சரியான அளவு அந்தந்த இன்ஜினின் கையேட்டில் இருக்கும். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் எவ்வளவு என்பதும் முக்கியம். லீக்டவுன் டெஸ்ட் என்று இன்னொன்று உண்டு. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எவ்வளவு கசிகிறது, எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்ப்பார்கள். இவை எதுவும் செய்யப்படவில்லை. என் ஜாப் கார்டு இன்னும் கையில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது “இன்ஜின் ஓவர்ஹால் பரிந்துரை” என்று ஒரே வரி. எண் எதுவும் கிடையாது.

இன்னொன்றையும் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ரிங் உண்மையிலேயே போயிருந்தால் வண்டி ஆயில் குடிக்கும், இழுவை குறையும், குளிரில் எடுக்கத் தகராறு செய்யும். என் வண்டி 5,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில்கூடக் கேட்டதில்லை. மேடும் ஒழுங்காக ஏறியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மூடியைத்தான் நம்பினேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். தொகையைச் சொன்னால் இடத்துக்கு இடம் மாறும். அதனால் நான் கையெழுத்துப் போட்ட புது வண்டியின் மொத்த விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் வேலைக்கு அவர்கள் கொடுத்த எஸ்டிமேட் 14. “இவ்ளோ பழைய வண்டிக்கு 14 போடப்போறீங்களா? மாசம் ரெண்டுக்கும் குறைவா கட்டினா புது வண்டியே வருதே” என்று விற்பனைக்காரர் வந்து உட்கார்ந்தார். கவனியுங்கள், நான் விழுந்த இடம் இதுதான். ரிப்பேர் செலவை முழுத் தொகையாகக் காட்டினார்கள், புது வண்டியை மாதத் தவணையாகக் காட்டினார்கள். 14-ஐயும் 1.87-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்தால் எவனும் 1.87-ஐத்தான் எடுப்பான். அது 60 மாதம் வரும் என்பது அந்தக் காகிதத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

பழைய வண்டிக்கு 15 கொடுத்தார்கள். அதில் 3 “எக்ஸ்சேஞ்ச் போனஸ்”. பழைய வண்டி எதுவும் கொடுக்காமல் வாங்கியவருக்கும் அதே 3 தள்ளுபடியாகக் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. ஆக என் வண்டிக்குக் கிடைத்தது 12 மட்டும். கையிலிருந்து 5 போட்டேன், கடன் 80.

வட்டி 8 சதவீதம் என்றார்கள். அடடா, நல்ல வட்டி என்று நினைத்தேன். அது ஃப்ளாட் ரேட். அதாவது அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய 80-க்கே ஐந்து வருஷமும் ஓடும். 80-க்கு 8 சதவீதம், ஐந்து வருஷம், மொத்த வட்டி 32. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே 8 சதவீதம் என்றால் மொத்த வட்டி 17 சொச்சம்தான் வந்திருக்கும். திருப்பிப் பார்த்தால், நான் கட்டுவது குறையும் அசல் கணக்கில் 14 சதவீதத்தைத் தாண்டிய வட்டி. அந்த 32-ல் அவர்கள் சொன்ன எஸ்டிமேட்படியே இரண்டு தடவை இன்ஜினை இறக்கி ஏற்றியிருக்கலாம், மிச்சமும் இருந்திருக்கும். “வட்டி எத்தனை” என்று கேட்காதீர்கள். “கடைசித் தவணை வரை நான் கட்டும் மொத்தம் எத்தனை” என்று கேளுங்கள், அதை எழுதியும் வாங்குங்கள்.

அந்த 100-ல் 7 பங்கு வண்டியே இல்லை. பாடி கோட்டிங், நீட்டிப்பு வாரண்டி, மேட்டு, கம்பி, “ஃபைல் சார்ஜ்” என்று ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் மொத்த விலைக்குள் சேர்த்துக் கடனிலேயே ஏற்றிவிட்டார்கள். சீட்டு மேட்டுக்கு ஐந்து வருஷம் வட்டி கட்டுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன். அப்புறம் இன்சூரன்ஸ். கடன் இருக்கும்வரை முழுக் காப்பீடு கட்டாயம் என்று கடன் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பழைய வண்டிக்கு அந்தச் செலவே கிடையாது.

மைலேஜைப் பெரிதாகப் பேசினார்கள். பழையது லிட்டருக்கு 9 கொடுத்தது, புதுசு 10.5 கொடுக்கிறது, பொய் இல்லை. ஆனால் நான் வருஷத்துக்கு ஓட்டுவது 18,000 கிலோமீட்டர். மிச்சமாவது 286 லிட்டர். 75 லிட்டர் டேங்க் முழுசாக நாலு தடவை நிரம்பாது. ஒரு வருஷத்துக்கு அவ்வளவுதான்.

வண்டியும் நான் கேட்டது இல்லை. சிங்கிள் கேப் வர மூணு மாதம் ஆகும், இரண்டு வரிசை சீட் உள்ள டபுள் கேப் இன்றைக்கே இருக்கிறது என்றார்கள். தொட்டி ஐந்தடி. இப்போது பிளைவுட் ஏற்றினால் மூணடி வெளியே நீட்டிக்கொண்டு, பின்கதவைத் திறந்து போட்டு, சிவப்புத் துணி கட்டிக்கொண்டு போகிறேன். ஒரு டன் ஏற்றலாம் என்ற பேச்சும் அரைகுறை. அனுமதித்த மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் அந்த ஒரு டன். உள்ளே உட்காரும் ஆட்கள், பின்னால் மாட்டிய கூண்டு, கம்பி எல்லாம் அதிலிருந்துதான் கழியும். கூண்டை விற்றவரும் அதே விற்பனைக்காரர்தான், டன் கணக்குச் சொன்னவரும் அவர்தான்.

ஏழாவது மாதம் டேஷ்போர்டில் புதுசாக ஒரு விளக்கு. டிபிஎஃப், அதாவது சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அடைத்துவிட்டது. இன்றைய டீசல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. பிடித்த கரியை எரிக்க உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், அதற்கு வண்டி கொஞ்ச நேரம் ஒரே சீராக, நல்ல வேகத்தில் ஓட வேண்டும். என் ஓட்டமோ நாலு கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர், இறக்கு, ஏற்று, திரும்பு. வாரண்டியில் வராதாம், “நீங்க ஓட்டுற விதம் அப்படி சார்” என்றார்கள். ஓட்டுகிற விதத்தை விற்கும்போது கேட்டிருக்கலாமே என்றேன். பதில் இல்லை. தினம் சின்னச் சின்ன டிரிப் அடிப்பவர்கள் புது டீசலுக்குப் போகும் முன் இதை மட்டும் கண்டிப்பாக யோசியுங்கள்.

இத்தனையும்கூட விதி என்று விட்டிருப்பேன். ஐந்தாவது மாதமே ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பின்னால் என் பழைய வண்டி.

உரிமை மாற்றக் காகிதத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். அதாவது அதுவரை வண்டி என் பெயரிலேயே ஓடியிருக்கிறது. நடுவில் எங்காவது இடித்திருந்தால் என் கதவைத்தான் தட்டியிருப்பார்கள். பழைய வண்டியைக் கொடுப்பவர்கள், பெயர் மாறிவிட்டதற்கான அத்தாட்சி கைக்கு வரும்வரை விடாதீர்கள். “அதை நாங்க பாத்துக்குவோம்” என்பது அத்தாட்சி ஆகாது.

எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை என் கணக்கில் 27. இன்ஜின் வேலை எவ்வளவு ஆனது என்று கேட்டேன். “என்ன வேலைண்ணே? பிரீதர் குழாய் அடைச்சிருந்துச்சு, குழாயும் வால்வும் மாத்தி ஆயில் ஊத்தினேன், அவ்ளோதான்” என்றார். நான் நம்பாமல் நிற்பதைப் பார்த்து வண்டியை ஸ்டார்ட் செய்தார். பானெட்டைத் திறந்து, ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்தார். ஆடாமல் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அன்று ராத்திரிதான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். பழைய வண்டிக்கு முந்தைய மூணு வருஷத்தில் டயர், கிளட்ச் பிளேட், பட்டை, பிரேக் என்று எல்லா பில்லையும் கூட்டி வகுத்தால் வருஷத்துக்கு 4.5. இன்ஜின் நிஜமாகவே போய் 14 ஆகியிருந்தாலும் ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் 2.8. வண்டி மதிப்புக் குறைவதற்கு ஒரு 2.5 சேர்த்தால்கூட வருஷம் 10-க்குள். புதுசுக்கு, ஐந்து வருஷம் கழித்து 45-க்கு விற்கலாம் என்று தாராளமாக வைத்தாலும், போன மதிப்பு 55, வட்டி 32, ஆக 87. வருஷத்துக்கு 17-க்கு மேல். இன்சூரன்ஸ் தனி.

புதுசே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் துரு ஏறி, சுத்தியலால் தட்டினால் கணீரென்று இல்லாமல் பொத்தென்று சத்தம் வந்தால், ரிப்பேர் கணக்கெல்லாம் பார்க்காமல் வண்டியை விட்டுவிடலாம். உதிரி பாகம் கிடைக்காமல் வாரக்கணக்கில் நின்றாலும் அப்படித்தான். பழைய வண்டியில் ஏர்பேக் கிடையாது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் கிடையாது. ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது புதுசின் அருமை தெரிகிறது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நான் வாங்கியது ஏபிஎஸ்ஸுக்காக இல்லை, துள்ளிய ஒரு மூடிக்காக.

பன்னிரண்டாவது மாதம் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கடனை அடைக்கலாமா என்று விசாரித்தேன். அதுவரை கட்டியது 22.4. அசலில் குறைந்தது 12கூட இல்லை, பாக்கி 68. அதற்கு மேல் முன்கூட்டி அடைப்பதற்குத் தனிக் கட்டணம். வண்டியை வாங்குபவர்கள் 75-க்குக் கேட்டார்கள். அடைத்தால் கையில் மிஞ்சுவதை வைத்து என் பழைய வண்டியைக்கூடத் திருப்பி வாங்க முடியாது.

எழுத்தில் புகார் கொடுத்தேன். ஜாப் கார்டில் இருப்பது பரிந்துரைதான், முடிவு எடுத்தது வாடிக்கையாளர் என்று பதில் வந்தது. நீட்டிப்பு வாரண்டியை மட்டும் ரத்து செய்ய முடிந்தது, இன்னும் தொடங்காததால் பெரும்பகுதி திரும்ப வந்தது. உங்கள் பில்லிலும் அது இருந்தால் ரத்து விதியைப் படித்துப் பாருங்கள், கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். கோட்டிங் பணம் போனது போனதுதான். இந்த மாதத்தோடு 17 தவணை முடிந்தது, 43 பாக்கி.