மெர்ச்சண்டைசருக்கு ஆங்கிலம்: பேராசிரியரா, பழைய மேனேஜரா?

திருப்பூர் ஆடை ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரைப் பேசி வாங்கி முடித்துக்கொடுப்பவராகச் சேரும் பிள்ளைகளில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். துணியைத் தொட்டே ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) சொல்வார்கள். ஆனால் ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, நாலு வரி மெயில் எழுத அரை நாள் ஆகிவிடும். இவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஆள் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகையினர் கிடைப்பார்கள். ஒருவர் ஆங்கிலம் படித்த கல்லூரி ஆசிரியர். இன்னொருவர் பல வருடம் பையர்களோடு பேசிப் பழகி ஓய்வுபெற்ற மேனேஜர். நான் வேலை பார்க்கும் இடத்தில் இருவரையும் வைத்து வகுப்பு நடத்திப் பார்த்துவிட்டோம்.

ஒரு பெண் 'வீ வில் ஷிப் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதியிருந்தாள். மேனேஜர் 'அன்டில்' என்பதை அடித்துவிட்டு 'பை' என்று போட்டார். அடுத்த வாரம் அதே தப்பு திரும்ப வந்தது. ஆசிரியர் தமிழிலேயே சொன்னார்: "'பை' என்றால் வெள்ளிக்கிழமைக்குள், 'அன்டில்' என்றால் வெள்ளிக்கிழமை வரை." அதோடு சரி, அந்தத் தப்பு அப்புறம் வரவே இல்லை. தப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது தனித் திறமை. நன்றாக ஆங்கிலம் பேசும் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

ஆனால் அதே ஆசிரியர், பிள்ளைகள் பேச வாயைத் திறந்ததுமே குறுக்கிட்டுத் திருத்துவார். இரண்டே வாரத்தில் பாதிப் பேர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். பேசி முடிக்கும்வரை குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில் இரண்டு மூன்று தப்புகளை மட்டும் எடுத்துப் பேசியிருந்தால் போதும். பிபி சாம்பிள் (உற்பத்தி தொடங்கும் முன் பையரின் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரி) என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாததால், பயிற்சி உரையாடல்கள் எல்லாம் ஓட்டலில் ரூம் போடுவது பற்றியே இருந்தன.

மேனேஜரின் பலம் வேறு இடத்தில். சாயப்பட்டறையில் தாமதமாகி ஷிப்மென்ட் தள்ளிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகள் மழை, கரண்ட் என்று காரணங்களை அடுக்கிவிட்டு, புதிய தேதியைக் கடைசி வரியில் எழுதுவார்கள். அவர் அதைத் தலைகீழாக மாற்றினார்: எத்தனை பீஸ், எத்தனை நாள், நாம் என்ன செய்கிறோம், அதற்குப் பிறகு காரணம். 'ஒரு லட்சம் பீஸ்' என்று எழுதினால் வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது, 05/06 என்பது ஐரோப்பாவில் ஜூன் 5, அமெரிக்காவில் மே 6, 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதையெல்லாம் அவர்தான் சொன்னார். குறை என்னவென்றால், ஒரு மணி நேர வகுப்பில் முக்கால் மணி நேரம் அவரே பேசுவார். 'டிஸ்கஸ் அபௌட்' போன்ற அவருடைய தப்புகளும் பிள்ளைகளிடம் ஒட்டிக்கொண்டன.

ஆன்லைனில் வரும் வெளிநாட்டு ஆசிரியரையும் சிலர் கேட்கிறார்கள். ஓரளவு பேசுகிறவருக்கு, காது பழக நல்லது. ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு வேண்டாம், திணறும்போது தமிழில் கைகொடுக்க ஆள் இருக்காது. ஆங்கிலம் சொல்லித்தருபவர்களுக்கான செல்டா (CELTA) சான்றிதழ் இருந்தால் நல்லதுதான். குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சொல்லித்தரப் பழகியவர் என்பதற்கு அது அத்தாட்சி, வியாபாரம் தெரியும் என்பதற்கு அல்ல.

விலை பேசும் அளவுக்கு வந்துவிட்டவர்களை நான் தயங்காமல் மேனேஜரிடம் அனுப்புவேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான். தொழில் சொற்களை ஆர்வமுள்ள ஆசிரியர் சாம்பிள் செக்‌ஷனில் இரண்டு வாரம் உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். சொல்லித்தரும் பக்குவம் இரண்டு வாரத்தில் வராது. ஆனால் ஆசிரியர்களிலும் ஆள் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இப்போது எங்களிடம் வருபவர், முதல் வகுப்புக்கு முன்பே ஒவ்வொருவரும் கடைசியாக எழுதிய பத்து மெயிலைக் கேட்டார். பையர் பெயரையும் விலையையும் மறைத்துக் கொடுத்தோம். அவர் வகுப்பில் இன்றுவரை பாடப்புத்தகம் கிடையாது, அந்த மெயில்கள்தான் பாடம்.