குச்சியா, பொடியா, பசையா: வட ஆற்காட்டில் பல் துலக்கும் வழக்கங்கள் பற்றி ஓர் ஒப்பீடு

2019ஆம் ஆண்டில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தில், பெரியவர் வேப்பங்குச்சியும், நடுவயதினர் பல்பொடியும், பிள்ளைகள் பற்பசையும் கொண்டு பல் துலக்கும் வீடுகளை இன்றும் காணலாம். மூன்றில் எது மேல் என்று கேட்பவருக்கு, பற்சொத்தையைத் தடுக்கிறதா, பல்லைத் தேயவிடாமல் அழுக்கை மட்டும் நீக்குகிறதா என்ற இரண்டு கேள்விகளையே அளவுகோலாக வைக்க வேண்டும். வாய் மணப்பதும் நுரை பொங்குவதும் கணக்கில் சேராதவை.

குச்சியை ஏளனம் செய்வது தவறு. பச்சை வேப்பங்குச்சியின் முனையை மென்று தும்பாக்கும்போதே உமிழ்நீர் நன்றாகச் சுரக்கிறது. துலக்கி முடித்தபின் அதே குச்சியை நெடுக்காகக் கிழித்து நாக்கு வழித்துவிடுவதால், பிரஷ் பிடிப்பவர்களில் பலர் மறந்துவிடும் ஒரு வேலையும் சேர்ந்து நடந்துவிடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் தொழுகைக்கு முன் மிஸ்வாக் குச்சியால் துலக்கும் வழக்கம் இதைவிட ஒழுங்கானது: அரை அங்குலம் தோல் நீக்கி, நீரில் நனைத்து, நார் தளர்ந்ததும் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவார்கள். ஒரு நாளில் பலமுறை வாய் சுத்தமாகிறது என்பதே அதன் பெரிய பலம். வழக்கமுள்ள சமூகங்களில் இதை ஊக்குவிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் கூறியிருக்கிறது. ஆனால் கடைவாய்ப் பற்களின் பின்புறத்தையும், கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தையும் குச்சி எளிதில் எட்டாது. கெட்டிப்பட்ட அழுக்கான காரை முதலில் படிவதோ பெரும்பாலும் அந்த உட்புறத்தில்தான். காய்ந்த குச்சியால் அழுத்தித் தேய்த்தால் ஈறு கிழிந்து பின்வாங்கும்.

பல்பொடியைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் எதுவும் இல்லை; மூன்றில் முதலில் கைவிட வேண்டியது இதுதான். விரலால் தேய்க்கும்போது பல்லின் மேடான பகுதி மட்டுமே துலங்குகிறது, இடுக்குகள் அப்படியே இருக்கின்றன. சாம்பல், அடுப்புக்கரி, செங்கல் தூள் போன்ற சொரசொரப்பானவற்றை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவோருக்கு, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் ஆப்பு வடிவில் பள்ளம் விழுந்து, குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசத் தொடங்கிவிடுகிறது. புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் இந்தியாவில் 1992ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டன; ஆயினும் பல்வலிக்குப் புகையிலையை வாயில் அடக்கும் பழக்கம் ஒழியவில்லை, அது வாய்ப்புற்றுக்கே வழி செய்யும்.

பொடிக்கு இந்தப் பகுதியில் இன்னொரு தவறான ஆதரவும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் போலவே அவற்றை ஒட்டிய திருப்பத்தூர்ப் பகுதியின் சில ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்துள்ளது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதை மீறிய நீரைச் சிறுவயதில் குடித்தவர்களுக்கு முளைக்கும் பற்களே வெண்திட்டுகளோடும் பழுப்புக் கறையோடும் வெளிவருகின்றன. ஒழுங்காகத் துலக்காததால் வந்த காவி என்று எண்ணி, பொடி போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டும் பெற்றோர் உண்டு. அந்தக் கறை பல் உருவாகும்போதே எனாமலுக்குள் அமைந்தது. தேய்த்தால் எனாமல்தான் போகும், கறை போகாது.

அப்படியானால் ஃபுளூரைடு கலந்த பற்பசை இங்கே ஆகாதா என்ற ஐயம் நியாயமானதே. குடித்த ஃபுளூரைடு, பல் உருவாகும் வயதில், உள்ளிருந்து கெடுக்கிறது; பசையில் உள்ளது, முளைத்துவிட்ட பல்லின் மேற்பரப்பில் நின்று, சர்க்கரையைத் தின்ற கிருமிகள் விடும் அமிலம் கரைத்த தாதுக்களை மீண்டும் படியச் செய்கிறது. சொத்தையைத் தடுப்பதில் குச்சியும் பொடியும் பசைக்கு ஈடாகாதது இந்த ஒரு காரணத்தால்தான். இந்தியாவில் பற்பசையில் பத்து இலட்சத்தில் 1000 பங்குக்கு மேல் ஃபுளூரைடு இருக்கக்கூடாது. அளவு டியூபில் அச்சிடப்பட்டிருக்கும். மூலிகைப் பசை என்று விற்கப்படுபவற்றுள் பலவற்றில் அது இருப்பதே இல்லை என்பதால், வேம்பு, கிராம்புப் படங்களைவிட அந்தச் சிறிய எழுத்துகளைப் படிப்பதே பயன் தரும்.

வேளையும் முக்கியம். மூன்று வழக்கங்களும் காலையோடு நின்றுவிடுகின்றன. தூக்கத்திலோ உமிழ்நீர் குறைந்து அமிலம் கழுவப்படாமல் தங்குகிறது. இரவில் ஆற்காட்டு மக்கன் பேடாவைத் தின்றுவிட்டு, பாகு பல்லில் ஒட்டியபடியே படுப்பவருக்கு மறுநாள் காலைக் குச்சி காலங்கடந்த மருந்து. ஆகவே, காலையில் குச்சியை விட மனமில்லாத பெரியவர் அதையே தொடரட்டும். இரவில் மென்மையான பிரஷ்ஷால், ஈறை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, இரண்டு நிமிடம் பசையோடு துலக்கி, நுரையைத் துப்பியபின் நிறைய நீரால் கொப்பளிக்காமல் விட்டால் போதும்.

பிள்ளைகளுக்குப் பசையின் அளவுதான் எல்லாம்: மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, ஆறு வயதுவரை பட்டாணியளவு, அதுவும் விழுங்காதபடி பெரியவர் அருகில் நின்று துப்பச் செய்ய வேண்டும். குடிப்பது ஆழ்துளைக் கிணற்று நீராயின் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அதைப் பரிசோதித்து, ஃபுளூரைடு மிகுந்திருந்தால் பசையை நிறுத்துவதற்கு முன் குடிநீரை மாற்றுவதே சரியான வரிசை.