எடை ஏறாத பச்சைக்குழந்தை: பொறுப்பதா, பீய்ச்சி ஊட்டுவதா, பவுடர் பாலா?

14-ஆம் நாள் காலையில் தராசு 2 கிலோ 960 கிராம் காட்டியது. பிறந்தபோது மகள் 3 கிலோ 100. நான்காம் நாள் 2 கிலோ 820-க்கு இறங்கியிருந்தாள். அதற்கப்புறம் பத்து நாளில் ஏறியது 140 கிராம், நாளுக்கு 14. பால் நன்றாக ஊறத் தொடங்கிய பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏறவேண்டும் என்பது பொதுவான கணக்கு. பிறந்த எடையை 10 முதல் 14 நாளுக்குள் மீண்டும் தொட்டுவிட வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. நாங்கள் இரண்டிலும் பின்தங்கியிருந்தோம்.

அன்று மாலைக்குள் ஆளுக்கொரு யோசனை வந்துவிட்டது. "கொஞ்சம் பொறு, தானா ஏறும்" என்றார் அம்மா. "மார்பிலேயே போட்டு வைம்மா" என்றார் செவிலியர். பம்ப் வாங்கிப் பீய்ச்சி ஊட்டு என்றாள் தோழி. ஒவ்வொரு வேளையும் 30 மி.லி. பவுடர் பால் சேர்க்கலாம் என்றார் மருத்துவர். "முழுசா புட்டிக்கு மாத்திடு, நீயும் தூங்குவே" என்றார் சித்தி.

ஐந்தையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்துத்தான் குழம்பிப்போனேன். பிறகு ஒவ்வொரு யோசனையிடமும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கப் பழகினேன். இன்று இந்த வயிறு நிறையுமா? நாளைக்கும் பால் ஊறுமா? முதல் கேள்விக்கு நல்ல பதில் சொல்லும் வழி இரண்டாவதில் சறுக்கலாம். இரண்டாவதில் தேறும் வழி, பசித்த குழந்தையை இன்னும் மூன்று நாள் பசியோடே வைத்திருக்கலாம்.

தராசையும் கொஞ்சம் சந்தேகப்படலாம்

பிறந்த நான்கு நாளுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் எடை இழக்கும். 7 சதவீதம் வரை இயல்பு, 10-ஐ நெருங்கினால் கவனம் என்பது வழக்கமான அளவுகோல். எங்களுடையது 9. ஆனால் பிரசவ நேரத்தில் தாய்க்கு நரம்பு வழியாக நிறைய திரவம் ஏற்றியிருந்தால் குழந்தையின் பிறப்பு எடையே சற்று உப்பித் தெரியும். முதல் நாளில் அந்த நீரைச் சிறுநீராகக் கழித்ததும் பெரிய இழப்பு போலத் தோன்றும். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான தாய்ப்பால் குழந்தைகளின் எடையை, பிறந்து எத்தனை மணி நேரம் என்ற கணக்கோடு தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் 72 மணி நேரத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இழந்திருந்தார்கள். இழப்பை மட்டும் பார்த்துப் பதறுவதைவிட, எந்த நாளில் இறக்கம் நின்றது, அதற்குப்பின் நாளுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

அளக்கும் விதமும் முக்கியம். அதே தராசு, துணியில்லாமல், முடிந்தால் அதே வேளை. ஒரு முழு வயிறும் ஒரு மலம் கழிப்பும் சேர்ந்தாலே 100 கிராம் வித்தியாசம் வந்துவிடும். அதனால் தினமும் நிறுப்பது பெரும்பாலும் மனநிம்மதியைக் கெடுக்கும் வேலை. கவலைக்கிடமான நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையும், தேறிய பிறகு வாரம் ஒருமுறையும் போதும் என்பது என் கருத்து. (முதல் வாரத்தில் மருத்துவர் தினமும் வரச் சொன்னால் அது வேறு கதை.)

தராசுக்குப் போட்டியாக நிற்பது ஈரத்துணிக் கணக்கு. ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 முறையாவது வெளிறிய சிறுநீர், 3 முறையாவது மஞ்சள் மலம். கருப்பு மலம் ஐந்தாம் நாளிலும் மாறவில்லை என்றால் உள்ளே போகும் பால் குறைவு. துணி அன்றன்றைக்கே தகவல் சொல்லிவிடும், தராசு தாமதமாகத்தான் சொல்லும்; அந்த வகையில் துணிக்கே என் ஓட்டு. ஒரே குறை, இன்றைய டயப்பர்கள் எவ்வளவு ஈரத்தையும் விழுங்கிக்கொள்ளும். சந்தேகம் இருந்த அந்த வாரம் நாங்கள் பருத்தித் துணிக்கு மாறிவிட்டோம்.

பொறுத்துப் பார்ப்பது

செலவில்லாத வழி. குழந்தை தானாகப் பசித்து எழுகிறது, விழுங்கும் ஓசை கேட்கிறது, துணி நனைகிறது, எடை மெதுவாகவேனும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் இதுவே சரியான வழியாகவும் இருக்கலாம். பெற்றோர் இருவருமே சிறுகூடாக இருந்து, குழந்தை தன் கோட்டிலேயே நிதானமாகப் போவதும் உண்டு.

ஆனால் 'பொறு' என்ற சொல்லோடு ஒரு தேதி சேர்ந்து வரவேண்டும். இரண்டு நாளில் மறுபடி நிறுப்போம் என்றால் அது காத்திருப்பு. வெறுமனே பொறு என்றால் அது கண்ணை மூடிக்கொள்வது. பால் போதாத குழந்தை வீறிட்டு அழும் என்றே நானும் நினைத்திருந்தேன். உண்மையில் சத்துக் குறையக் குறைய அது அழுவதையும் சேமிக்கத் தொடங்கும், நீளமாகத் தூங்கும். மகள் இரவில் ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒரு எச்சரிக்கை என்று யாரும் சொல்லவில்லை. பிறந்த எடையைத் தொடும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பி ஊட்டவேண்டும்.

எழுப்பினாலும் எழாத சோர்வு, பலவீனமான அழுகை, நான்காம் நாளுக்குப் பிறகும் துணியில் செங்கல் நிறக் கறை, தோலில் கால்வரை இறங்கும் மஞ்சள், குழிந்த உச்சிக்குழி, 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இவற்றில் எது தெரிந்தாலும் இந்த அலசல் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போகவேண்டும். இந்த அடையாளங்கள் இல்லாவிட்டாலும் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலோ, மூன்று வாரத்திலும் பிறந்த எடைக்கு வராவிட்டாலோ மருத்துவப் பரிசோதனை தேவை என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-இல் தந்த வழிகாட்டுதல்.

மார்பிலேயே அடிக்கடி

இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பால் வெளியேற வெளியேறத்தான் ஊறும். மார்பில் தேங்கி நிற்கும் பாலே 'போதும், நிறுத்து' என்று சுரப்பிகளுக்குச் சொல்லிவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, இரண்டு பக்கமும், இரவிலும் கட்டாயம்.

இதன் பலம் முழுவதும் பிடிப்பில் இருக்கிறது. காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு வலியும் புண்ணும், குழந்தைக்குச் சொட்டும்தான் மிஞ்சும். வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவளையத்தின் கீழ்ப்பகுதி நிறைய உள்ளே போக, முகவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். பால் இறங்கும்போது தாடை ஆழமாகத் திறந்து ஒரு கணம் நின்று மூடும். ஒன்றிரண்டு உறிஞ்சலுக்கு ஒரு விழுங்கல். வெறும் படபடப்பான சின்ன உறிஞ்சல் அரை மணி நேரம் நீடித்தால் அது சப்புவதுதான், குடிப்பதல்ல. அந்த நேரத்தில் மார்பைக் கையால் மெல்ல அழுத்திப் பிடித்தால் பால் மறுபடி இறங்கும், குழந்தை விழிக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது விளக்கைப் போட்டது போல் இருந்தது.

சறுக்கும் இடமும் இதுதான். ஏற்கெனவே வலுவிழந்த குழந்தையையும், நாக்குக்கு அடியிலுள்ள சவ்வு இறுகிய குழந்தையையும் கூடுதல் நேரம் போட்டுவைத்தால் களைப்புதான் கூடும். எங்கள் பாலூட்டல் ஆலோசகர் ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே துணியோடு நிறுத்துப் பார்த்தார். 40 நிமிடத்தில் 22 கிராம். அடுத்த வேளை 28. ஒரு கிராமை ஏறக்குறைய ஒரு மி.லி. என்று கொள்ளலாம். 3 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்கு கிலோவுக்கு 150 மி.லி. வீதம் 450 வேண்டும். 28-ஐ ஒன்பது முறை கொடுத்தாலும் 252-தான்.

இரண்டு வேளையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதும் சரிதான். ஆஸ்திரேலியாவில் 1 முதல் 6 மாதக் குழந்தைகளை நாள் முழுக்க நிறுத்துப் பார்த்த ஆய்வொன்றில், ஒரு குழந்தை 478 கிராமும் இன்னொன்று 1356 கிராமும் குடித்திருந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்த அந்தக் குழந்தைகள் எல்லாம் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தவர்கள். மேலும் 10 கிராம் பிசகும் வீட்டுத் தராசில் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. ஆனால் எங்களிடம் தராசு, தூக்கம், துணி மூன்றும் ஒரே சேதியைச் சொல்லின.

பீய்ச்சி ஊட்டுவதும் பவுடர் பால் சேர்ப்பதும்

இவை இரண்டும் எதிரெதிர் முகாம்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டுமே மார்பில் குடித்த பிறகு கூடுதலாக ஊட்டும் வழிகள்தான். எதை ஊட்டுவது என்பதில்தான் வேறுபாடு.

பீய்ச்சி ஊட்டுவது இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும் ஒரே வழி. விலை, தாயின் உடம்பு. மார்பில் 30 நிமிடம், எடுத்துவைத்ததை ஊட்ட 15, பீய்ச்ச 15, கழுவிக் கொதிக்கவைக்க 15. ஒன்றே கால் மணி நேரம். எட்டு முறை என்றால் பத்து மணி நேரம். யாராவது ஊட்டவும் கழுவவும் கைகொடுக்காவிட்டால் இதை ஒரு வாரத்துக்கு மேல் இழுக்கக்கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பாலுக்குக் கைதான் பம்பைவிட நல்லது, குழாயிலும் புட்டியிலும் ஒட்டி வீணாகாது. பால் இறங்கிய பிறகு இரண்டு பக்கமும் ஒன்றாக இழுக்கும் மின்சார பம்ப் நேரத்தைப் பாதியாக்கும். பம்பில் வந்த அளவைப் பார்த்து 'என்னிடம் இவ்வளவுதான்' என்று அழவேண்டாம். நன்றாகப் பிடிக்கும் குழந்தை எடுக்கும் அளவை இயந்திரம் எடுக்காது.

பவுடர் பால் முதல் கேள்விக்கு உடனடிப் பதில். அதில் சத்து அதிகம் என்பதால் எடை ஏறுகிறது என்ற நம்பிக்கை தவறு. இரண்டிலும் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 65 முதல் 70 கலோரிதான். அளந்து கொடுக்கிறோம், உறிஞ்சும் உழைப்பு குறைகிறது, அதனால் உள்ளே போகும் அளவு கூடுகிறது. எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். முதல் நாளில் வேளைக்கு 2 முதல் 10 மி.லி., இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 என்பது தாய்ப்பாலூட்டல் மருத்துவர்கள் சொல்லும் அளவு. இரண்டாம் நாளில் 60 மி.லி. ஊட்டிவிட்டால் அடுத்த வேளை குழந்தை மார்பைத் தேடாது.

பொறியும் அங்கேதான். பவுடர் பால் கொடுத்த வேளையில் மார்பு காலியாகவில்லை என்றால் அந்த அளவுக்கு ஊற்று குறையும். நாளை இன்னும் கொஞ்சம் பவுடர் தேவைப்படும். 'பத்தல, பத்தல' என்று தொடங்கி ஒரு மாதத்தில் முழுக்கப் புட்டிக்குப் போன பலரின் கதை இதுதான். அதனால் கூடுதல் கொடுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் கையாலோ பம்பாலோ பீய்ச்சுவது சேர்ந்தே இருக்கட்டும். தண்ணீரைக் கூட்டிக் கலப்பது ஆபத்து, குழந்தையின் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பே வரலாம். பவுடர் கிருமியற்ற பொருள் அல்ல. கொதித்து 70 டிகிரிக்குக் கீழே ஆறாத நீரில் கலக்கி, ஊட்டும் சூட்டுக்குக் குளிரவைத்துக் கொடுக்கவேண்டும். ஆறு மாதம்வரை வெறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அது சத்தில்லாமல் வயிற்றை நிரப்பும்.

பால் வங்கியில் பதப்படுத்திய தானப் பால் கிடைத்தால் பவுடருக்கு முன் அதைக் கேட்கலாம். பெரும்பாலும் அது குறைமாதக் குழந்தைகளுக்கே போதாது.

எதில் ஊட்டுவது? சில நாளைக்கு மட்டும் என்றால் சிறு கிண்ணமோ கரண்டியோ போதும், கொஞ்சம் சிந்தும். காம்போடு ஒட்டிய மெல்லிய குழாய் வழியே ஊட்டினால் குழந்தை மார்பிலேயே இருக்கும். ஆனால் பிடிப்பே சரியில்லாத குழந்தையிடம் அது பாதி நேரம் நழுவும். இரவு மூன்று மணிக்குக் குழாயோடு மல்லுக்கட்டுவதைவிட மெதுவாகச் சொட்டும் புட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்து, இடையிடையே நிறுத்தி ஊட்டுவது எனக்கு ஒத்துவந்தது.

பால் ஊற மாத்திரைகளும் சூரணங்களும்? மார்பு காலியாகாமல் எதுவும் வேலை செய்யாது. டோம்பெரிடோன் போன்ற மருந்துக்கு இதயத்துடிப்புக் கோளாறு என்ற பக்கவிளைவு உண்டு, மருத்துவர் சொல்லாமல் தொடவேண்டாம்.

முழுக்க மாறுவது

சித்தியின் யோசனையைக் கேலி செய்ய மாட்டேன். மார்பில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள், சுரப்பித் திசு போதிய அளவு வளராதவர்கள், பிரசவத்தில் மிக அதிகமாக இரத்தம் இழந்தவர்கள் என்ன செய்தாலும் முழு அளவு ஊறாமல் போகலாம். உறங்காமல் மனம் உடைந்துகொண்டிருக்கும் தாய்க்கும் இது தோல்வி அல்ல. வயிறு நிறையுமா என்ற கேள்வி அன்றே தீரும். ஆனால் இரண்டாவது கேள்வியின் கதவு ஏறக்குறைய மூடிவிடும். சில வாரம் கழித்துத் திரும்புவது முடியாததல்ல, மிகக் கடினம். அதனால் என் வரிசையில் இது கடைசி. முதல் இரண்டு வாரத்தின் பதற்றத்தில் எடுக்கவேண்டிய முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் அன்றிரவே பிடிப்பைச் சரிசெய்து மார்பில் ஊட்டிய பிறகு 30 மி.லி. கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கினோம், நாளுக்கு ஆறு முறை. முதல் மூன்று நாள் அதில் பாதிக்கு மேல் பவுடர் பால். நான்காம் நாளிலிருந்து பீய்ச்சியதே போதுமானது. 19-ஆம் நாள் 3 கிலோ 110. ஐந்து நாளில் 150 கிராம்.

அதன்பின் இரண்டு நாளுக்கு ஒரு வேளை வீதம் கூடுதலைக் குறைத்தோம், முதலில் பகல் வேளைகளில். கடைசியாக நிறுத்தியது நள்ளிரவு வேளை. அந்த வாரம் ஏற்றம் நாளுக்கு 22 கிராமாக இறங்கியது. கை மறுபடி டப்பாவை நோக்கிப் போனது. அன்று துணிகளை எண்ணிப் பார்த்தேன்: எட்டு.