ஈசிஜி தாளில் துடிப்பை எண்ண எந்த முறை? ஒரு பிசியோதெரபிஸ்டின் கணக்கு

இதய மருத்துவர் ஈசிஜியைப் பார்ப்பது என்ன நோய் என்று கண்டுபிடிக்க. பிசியோதெரபிஸ்டுகளான நம் கேள்வி வேறு. இந்த நோயாளியை இப்போது கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைக்கலாமா, நடக்கும்போது எந்த நிமிடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் வேண்டியவை இரண்டு: துடிப்பு எத்தனை, அது சீராக வருகிறதா. பாடத்தில் துடிப்பை எண்ணும் மூன்று முறைகளையும் ஒரே பக்கத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், எதை எப்போது எடுப்பது என்பதுதான் விட்டுப்போகிறது.

தாள் வழக்கமாக விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி. ஆக ஒரு நிமிடத்துக்குப் பெரிய கட்டம் 300, சின்னக் கட்டம் 1500. மற்றதெல்லாம் இந்த இரண்டு எண்ணிலிருந்து வருவதுதான். (தாளின் ஓரத்தில் வேகம் அச்சாகியிருக்கும், அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 50 என்று இருந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.)

300 முறைதான் எல்லோருக்கும் பிடித்தது. ஆர் முனை என்பது ஒவ்வொரு துடிப்பிலும் எழும் கூரிய உச்சி. பெரிய கட்டத்தின் ஓரமான தடித்த கோட்டில் விழும் ஓர் ஆர் முனையைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்த தடித்த கோடுகளை 300, 150, 100, 75, 60, 50 என்று சொல்லிக்கொண்டே போனால், அடுத்த ஆர் எங்கே விழுகிறதோ அதுதான் துடிப்பு. ஐந்து விநாடி வேலை. ஓய்வில் இருப்பவருக்கு இது போதும். ஆனால் துடிப்பு ஏற ஏற இந்த முறை முரடாகிறது: 150க்கும் 100க்கும் நடுவில் விழுந்தால் பலர் 125 என்று எழுதுவார்கள், உண்மையில் இரண்டரைக் கட்டம் என்றால் 120. அதற்கும் மேலே, 300க்கும் 150க்கும் நடுவில், ஊகிப்பதே வீண். உடற்பயிற்சியில் நமக்குத் துல்லியம் வேண்டிய இடமே அதுதானே!

அங்கே 1500 முறை கைகொடுக்கும். இரண்டு ஆர் முனைகளுக்கு இடையே 12 சின்னக் கட்டம் என்றால் 125, 11 என்றால் 136. வேகமான, சீரான ரிதத்துக்கு இதைவிட நம்பகமானது இந்த மூன்றில் இல்லை. ஆனால் இது ஒரே ஓர் இடைவெளியைத்தான் அளக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) உள்ளவரின் ஸ்ட்ரிப்பில் (ஈசிஜி தாள் துண்டில்) ஓர் இடைவெளி 12 கட்டமும் அடுத்தது 25 கட்டமும் இருந்தால், முதலாவதை அளந்தவர் 125 என்பார், அடுத்ததை அளந்தவர் 60 என்பார். இரண்டையும் நம்பி எதுவும் செய்ய முடியாது.

அதனால் ரிதம் சீராக இல்லையென்றால் ஆறு விநாடி முறை ஒன்றுதான் வழி. 30 பெரிய கட்டத்துக்குள் எத்தனை க்யூஆர்எஸ் (ஆர் முனை உள்ள, கீழறைகள் துடிப்பதைக் காட்டும் அலை) என்று எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். 12 லீட் தாளின் (இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பதிவுசெய்யும் முழு ஈசிஜி) கீழே ஓடும் நீள ஸ்ட்ரிப் பெரும்பாலும் பத்து விநாடி, அதை ஆறால் பெருக்கலாம், இன்னும் நல்லது. ஆறு விநாடி முறையில் விடை பத்துப் பத்தாகத்தான் வரும் என்பது குறைதான், இருந்தாலும் சராசரி என்ற அளவில் அது பொய் சொல்லாது. என் பழக்கம் இது: ஒரு துண்டுக் காகித விளிம்பில் மூன்று ஆர் முனைகளைக் குறித்து நகர்த்திப் பார்ப்பேன். பொருந்தினால் 300, வேகமாக இருந்தால் 1500, பொருந்தாவிட்டால் ஆறு விநாடி.

சரி, மானிட்டரே எண்ணைக் காட்டும்போது இதெல்லாம் எதற்கு? க்யூஆர்எஸ்ஸுக்குப் பின் வரும் டி அலை உயரமாக இருந்தால் அதையும் ஆர் என்று எடுத்துக்கொண்டு மானிட்டர் இரட்டிப்பாக எண்ணலாம். சளி எடுக்க நெஞ்சில் தட்டும்போது நம் கையே வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா (கீழறையில் தொடங்கும் ஆபத்தான வேகத் துடிப்பு) போன்ற அலையைத் திரையில் கொண்டுவரும். தட்டுவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள், அலையும் நின்று குறுகிய க்யூஆர்எஸ் தெளிவாகத் தெரிந்தால் அது நம் வேலைதான். நிற்கவில்லையென்றால் உடனே நோயாளியின் நினைவையும் பல்ஸையும் பார்த்து உதவிக்குக் கூப்பிட வேண்டும்.

மணிக்கட்டில் விரலை வைப்பதை நான் எந்த இயந்திரத்துக்காகவும் விடமாட்டேன். ஒன்று விட்டு ஒன்றாக அகலமான வென்ட்ரிக்குலர் துடிப்பு வரும் ஒருவருக்குத் திரையில் 80 ஓடும், மணிக்கட்டில் 40தான் கிடைக்கலாம். சீக்கிரமே வந்துவிடும் துடிப்பில் இதயம் நிரம்ப நேரமில்லை, அதனால் ரத்தம் கைவரை வந்து சேர்வதில்லை. ஈசிஜி மின்சாரத்தைக் காட்டுகிறது, ரத்த ஓட்டத்தை அல்ல. எழுந்து நின்றதும் அவருக்கு ஏன் தலைசுற்றுகிறது என்பதற்குப் பதில் அந்த 40இல் இருக்கக்கூடும்.

மானிட்டரின் லீட் ரிதம் பார்க்க நல்லது, எஸ்டி பகுதியை (க்யூஆர்எஸ்ஸுக்கும் டி அலைக்கும் இடைப்பட்டது, இதயத் தசைக்கு ரத்தம் குறைவதைக் காட்டக்கூடியது) பார்க்க 12 லீட்தான். கோடு ஆடாமலிருக்க மானிட்டர் போடும் வடிகட்டியே எஸ்டியைச் சிதைத்துவிடும், தவிர ஒரு லீட் இதயத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. நடக்கும்போது நெஞ்சு வலி என்று சொன்னவரின் திரை அழகாக இருக்கிறதே என்று தொடராதீர்கள். நிறுத்துங்கள், உட்கார வையுங்கள், 12 லீட் எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், எந்த முறையில் எவ்வளவு சரியாக எண்ணினாலும் அந்த எண் உழைப்பைச் சொல்லாத நோயாளிகள் உண்டு. பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் குறைக்கும் மருந்து) எடுப்பவருக்குத் துடிப்பு ஏறவே மறுக்கும், அவரிடம் 6 முதல் 20 வரையான போர்க் அளவுகோலைக் காட்டி எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று கேட்பதுதான் சரி. மாற்று இதயம் பெற்றவருக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருப்பதால் ஓய்விலேயே 90, 100 என்று இருக்கும், பயிற்சி தொடங்கிச் சில நிமிடம் கழித்துத்தான் மெல்ல ஏறும், நிறுத்திய பிறகும் உடனே இறங்காது. அவருக்கு வார்ம் அப்பை நீட்டுங்கள், முடித்ததும் சட்டென்று நாற்காலியில் உட்கார வைக்காமல் மெதுவாக நடக்க விடுங்கள்.