ஏறி இறங்கும் டிஎல்எல்லுக்கு பிரேக்பாயிண்ட்: விண்டிபக்கோடு ஐந்து வருஷம்

சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையின் எடைமேடை மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓடும் புரோகிராமை நிறுத்திப் பிழை தேடும் மைக்ரோசாஃப்ட் கருவியான விண்டிபக்கை ஆசைப்பட்டுப் படிக்கவில்லை, அந்த ஆலை படிக்க வைத்தது. முன்மாரி அறுவடை நேரம் ஹாஜியார் போன் எடுத்தார்: "தம்பி, முதல் லொறி சரியாத்தான் நிறுக்குது, மறுகா வாற லொறிக்கும் அதே கிலோவைத்தான் காட்டுது." கல்லடியிலிருந்து மோட்டார்சைக்கிளில் போய்ச் சேர்ந்தால் வாசலில் லொறி வரிசை.

எடையை வாசிப்பது தராசு விற்றவர்கள் தந்த ஒரு டிஎல்எல், அதாவது வேண்டும்போது ஏற்றி இறக்கக்கூடிய கோட் லைப்ரரி. நிறுக்கும் பொத்தானை அமுக்கினால் எங்கள் புரோகிராம் லோட்லைப்ரரி கொண்டு அதை ஏற்றும், வாசித்து முடிந்ததும் ஃப்ரீலைப்ரரி கொண்டு இறக்கிவிடும். நானோ அது ஏறி நின்ற நேரம் பார்த்து 'பிபி' கட்டளையால் பிரேக்பாயிண்ட் (புரோகிராம் அங்கே வந்ததும் நிற்க வைக்கும் அடையாளம்) போட்டுவிட்டு, இரண்டாவது லொறிக்கு ஏன் நிற்கவில்லை என்று அரை நாள் மண்டையைப் பிய்த்தேன். பிபி பிடித்துக்கொள்வது முகவரியை, லைப்ரரி இறங்கினால் பிரேக்பாயிண்டும் அதோடு போய்விடும். 'பியூ' அப்படியில்லை, அது பெயரைப் பிடித்துக்கொள்ளும், லைப்ரரி எத்தனை தரம் இறங்கி வேறு எந்த முகவரியில் ஏறினாலும் தேடிப்போய்த் திரும்ப உட்காரும்.

பியூ போட்டதும் இரண்டாவது லொறிக்கு நின்றது. 'ஜியூ' கொடுத்து ஃபங்ஷனை விட்டு வெளியே வந்து பார்த்தால் திரும்பியது பூச்சியம், கடைசிப் பிழை எண் 5, அதாவது அனுமதி மறுப்பு. லைப்ரரி இறங்கும்போது தராசு இணைந்திருக்கும் சீரியல் போர்ட்டை மூடவில்லை, அந்தப் போர்ட்டை ஒரே நேரத்தில் இரண்டு தரம் திறக்க விண்டோஸ் விடாது. பூச்சியம் வந்ததைக் கவனிக்காமல் பழைய கிலோவையே திரையில் விட்டது எங்கள் கோட், அந்த வெட்கம் எனக்கு.

குறையும் உண்டு. பியூவில் லைப்ரரி பெயரைப் பிழையாக அடித்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும், நாம் வராத ஒன்றுக்குக் காத்திருப்போம். 'பிஎல்' அடித்தால் வரும் பிரேக்பாயிண்ட் பட்டியலில் பக்கத்தில் 'யு' எழுத்து நின்றால் இன்னும் ஒட்டவில்லை என்று அர்த்தம். கோப்புப் பெயரில் நடுக்கோடு இருந்தால் உள்ளே அது அடிக்கோடாக மாறிவிடும், 'எல்எம்' அடித்து ஏறியிருக்கும் லைப்ரரிகளின் பெயரைப் பார்த்துவிட்டே எழுதுங்கள். தராசுக்காரர் பிடிபி கோப்பு, அதாவது ஃபங்ஷன் பெயர்களையும் முகவரிகளையும் சொல்லும் சிம்பல் கோப்பு, தரவில்லை, அதனால் வெளியே ஏற்றுமதி செய்த ஃபங்ஷன் பெயர்களை மட்டும் வைத்துத்தான் சமாளித்தேன். பெயரே தெரியாவிட்டால் 'எஸ்எக்ஸ்இ எல்டி' போடுங்கள், லைப்ரரி ஏறிய கையோடு, அதன் தொடக்க ஃபங்ஷனான டிஎல்எல்மெயின் ஓடுவதற்கு முன்பே நிற்கும். எனக்கு இப்போது அதுதான் முதல் கட்டளை.

மைக்ரோசாஃப்டின் சிம்பல்களை வீட்டிலேயே ஒரு ஃபோல்டருக்கு இறக்கி வைத்துக்கொண்டு போங்கள், ஆலை வாசலில் போன் டேட்டாவில் இறக்கப் பார்த்தால் லொறிக்காரர் ஏசுவார். பழைய விண்டிபக்கில் பியூ எல்லாம் வொர்க்ஸ்பேஸில் (விண்டிபக் நினைவில் வைக்கும் அமைப்புகளில்) சேமிக்கப்படும், ஒருநாள் வேறொரு வேலையில் இருக்கும்போது தராசு பிரேக்பாயிண்ட் வந்து பட்டியலில் குந்திக்கொண்டிருந்தது. இப்போது மடிக்கணினியை மூடுமுன் 'பிசி *' அடித்து எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்.