312 யூரோ போச்சு: ‘விமானத்துக்குன்னே செய்த பெட்டி’ என்று ஒயின் கடையில் சொன்னால் நம்பாதீர்கள்

பிரான்சின் போர்தோ நகரில், சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடக்கும் ஒயின் கடை. பெயர் வேண்டாம். நான்கு பாட்டில், ஒவ்வொன்றும் 70 யூரோ. பெட்டிக்குத் தனியாக 32. மொத்தம் 312 யூரோ. பயணிகள் இரண்டு பேர் என்பதால் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், இந்தியச் சுங்கத்தில் தலைக்கு அனுமதிக்கும் 2 லிட்டருக்குள்தான். அதில் எந்தச் சிக்கலும் இல்லை. பெட்டியில்தான் ஏமாற்றினார்கள்.

விற்றவர் பெட்டியைத் தட்டிக் காட்டி, "டோக்கியோ வரைக்கும் போகுது, ஒண்ணுகூட உடைஞ்சதில்லை" என்றார். அவரே அடுக்கி, டேப் சுற்றி, கண்ணாடிக் கோப்பைப் படம் ஒட்டிக் கொடுத்தார். அத்தனை அக்கறையாகப் பேசுகிறவரிடம் பெட்டியைப் பிரித்துக் காட்டுங்கள் என்று யார் கேட்பார்கள்?

சென்னையில் பெல்ட்டில் வந்தபோது பெட்டி முழுக்க நனைந்திருந்தது. மூன்று நொறுங்கிவிட்டன, நான்காவதில் விரிசல். உள்ளே பார்த்தால் ஒற்றை அடுக்கு நெளி அட்டை, நடுவே குறுக்கும் நெடுக்கும் செருகிய மெல்லிய தடுப்பு. அவ்வளவுதான்! இது வேனில் நிமிர்த்தி வைத்துச் சரக்கு கொண்டுபோகிற பெட்டி. செக்-இன் லக்கேஜ் கன்வேயரில் படுத்துப் போகும், சரிவில் வழுக்கி அடுத்த சூட்கேஸில் போய் இடிக்கும். நிறைந்த பாட்டில் ஒன்று 1.2, 1.3 கிலோ இருக்கும். பெட்டி படுத்ததும் அந்தக் கனம் தடுப்பை மடக்கிவிடும், பாட்டிலோடு பாட்டில் மோதும். விமானத்துக்கான பெட்டி என்றால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனிக் குழியுள்ள தெர்மாகோல் அச்சோ காகிதக்கூழ் அச்சோ இருக்க வேண்டும். அது அடியையும் கழுத்தையும் இறுக்கிப் பிடிக்கும்.

கடைக்கு மெயில் போட்டால், "விமான நிறுவனத்தைக் கேளுங்கள்." அங்கே கேட்டால், "பேக்கிங் சரியில்லை, உடையும் பொருள் என்று கவுண்டரிலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறோம்." திரும்பக் கடைக்கே எழுதினால், "மேலே காற்றழுத்தம் குறைந்து வெடித்திருக்கும்."

பச்சைப் பொய். சரக்கறையிலும் பயணிகள் அறையின் அழுத்தம்தான், மிஞ்சிப்போனால் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கிற அளவு. அதற்கு ஒயின் பாட்டில் வெடிக்காது. அழுத்தம்தான் காரணம் என்றால் முதலில் கார்க் நகர்ந்திருக்கும். நான்கு கார்க்கும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. கண்ணாடி போனது பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்த தோள் பகுதியில். படம் அனுப்பியாச்சு. அதற்குப் பிறகு பதிலே இல்லை. 312 யூரோ!

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில:

டேப் ஒட்டும் முன் உள்ளே பாருங்கள். படுக்கவைத்து ஆட்டினால் சத்தமே வரக்கூடாது.

அச்சுப் பெட்டி கிடைக்காவிட்டால் ஒவ்வொரு பாட்டிலையும் ஜிப்லாக் கவரில் போட்டு, பபிள் ராப் மூன்று சுற்று, அதன்மேல் ஜீன்ஸ், சூட்கேஸின் நடுவில். எந்தப் பக்கச் சுவரையும் தொடக்கூடாது.

உடைந்திருந்தால் விமான நிலையத்திலேயே புகார் எண் வாங்குங்கள். எழுத்துப் புகாருக்கு, சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 7 நாள்தான். பொருளிலேயே இருந்த குறைக்கு விமான நிறுவனம் பொறுப்பில்லை என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நழுவப் பார்ப்பார்கள். அதனால் ‘உடைந்தால் பணம் திரும்ப’ என்று கடை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கார்டு கொடுத்த வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கடைக்குப் போன பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்டிருக்கிறேன். 312 யூரோவில் எவ்வளவு திரும்புகிறதோ, இங்கேயே எழுதுகிறேன்.