எட்டு மழைக்காலம், இருபத்து மூன்று டிராக்டர்: மும்பை வீட்டில் ஒரு பொம்மைப் பண்ணை

மும்பையை ஒட்டிய டோம்பிவிலியில் ஒரு படுக்கையறை வீடு. அதில் இருபத்து மூன்று டிராக்டர் நிற்கிறது. பெரியதே ஒரு சாண் நீளம்தான். இருந்தாலும் அலமாரியில் என் மனைவி புடவைக்கென்று ஒதுக்கியிருந்த நடுத்தட்டு 2019இலேயே பறிபோய்விட்டது. முதல் வண்டி வாங்கியது 2017 ஜூலையில். புதுப் பெட்டியைப் பிரித்துக் காட்டி ஆகா ஓகோ என்பதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது எட்டு மழைக்காலம் தாண்டி எது உருப்படியாக நிற்கிறது, எது பல்லிளித்தது என்பதைத்தான்.

அந்த முதல் வண்டி மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் கிடைத்தது. மட்டன் ஸ்ட்ரீட்டில் நீலத் தார்ப்பாய் கட்டிய ஒரு கடை. பித்தளைக் குத்துவிளக்குக்கும் உடைந்த டெலிபோனுக்கும் நடுவே ஒரு சிவப்பு மூக்கு தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் மாஸி பெர்குசன். ஸ்டீயரிங் இல்லை, முன் சக்கரம் ஒன்று இல்லை, சைலன்சர் பாதியில் ஒடிந்திருந்தது. “லோஹா ஹை அண்ணா, லோஹா” என்று கடைக்காரர் அதைத் தரையில் தட்டிக் காட்டினார். இரும்பு இல்லை, ஜமாக். துத்தநாகத்தோடு நூற்றுக்கு நாலு பங்கு அலுமினியம் சேர்த்து அச்சில் வார்க்கிற கலவை. ஆயிரத்து இருநூறில் ஆரம்பித்து எழுநூறில் முடிந்தது.

அடியில் எர்ட்ல் என்று இருந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பிரெட் எர்ட்ல் என்பவர் 1945இல் தன் வீட்டு நிலவறையில் ஆரம்பித்த தொழில் அது. பிறகு டையர்ஸ்வில் என்ற சிற்றூருக்குப் போனது. அந்த ஊரில் பண்ணைப் பொம்மைகளுக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. நமக்கு அதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்ததுதான். அன்றைக்கு வாங்கியதற்குக் காரணம் மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா வைத்திருக்கும் மாஸி 1035. பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் மட்கார்டில் உட்கார்ந்து வயலுக்குப் போனவன் நான். சென்னை டாஃபே நிறுவனத்தின் வண்டி அது. அதே சிவப்பு, அதே மூக்கு.

வாங்க நினைப்பவர்கள் முதலில் அளவை முடிவு செய்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 1:16தான் வழக்கம், அதாவது உண்மை வண்டியில் பதினாறில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் பிரிட்டன்ஸ், சிக்கு போன்றவர்கள் 1:32. உள்ளங்கைக்குள் அடங்குகிற 1:64உம் உண்டு. மும்பை வீட்டில் இடமே காசு என்பதால் சேர்ப்பதற்கு 1:32தான் சரி. ஒரு தட்டில் பத்து வண்டியும் கலப்பைகளும் நிறுத்தலாம். ஆனால் கழற்றிப் பூட்டி வேலை செய்ய ஆசையிருந்தால் 1:16 வேண்டும். 1:32இல் ஒரு ஸ்டீயரிங் தண்டு கீழே விழுந்தால் தேடுவதற்கு வீட்டையே பெருக்க வேண்டியிருக்கும். நான் இரண்டையும் கலந்து வாங்கினேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அப்பனும் பிள்ளையும் மாதிரி இருக்கிறது, பொருந்தவேயில்லை. அந்தத் தப்பைச் செய்யாதீர்கள்.

பழைய பெயின்டை எடுப்பதில்தான் எனக்கு இரண்டு வண்டி போனது. வெளிநாட்டு ஆள் ஒருவர் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதைப் பார்த்துவிட்டு, நானும் ஒரு பானட்டை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன். காஸ்டிக் சோடா இரும்பை ஒன்றும் செய்யாது, துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் தின்னும். அவர் பத்து நிமிஷத்தில் எடுத்திருக்கிறார், நான் பத்து மணி நேரம் விட்டிருக்கிறேன். காலையில் பானட் இருந்தது, அதன் பக்கவாட்டில் புடைப்பாக இருந்த எழுத்து இல்லை. அடுத்த தடவை உஷாராக அசிட்டோனுக்கு மாறினேன். வண்டியின் கிரில் பிளாஸ்டிக் என்பதை மறந்துவிட்டேன். அது அல்வா மாதிரி ஆகிவிட்டது. இப்போது ரிவெட்டைத் துளைத்து எல்லாவற்றையும் பிரித்து, உலோகம் தனி, பிளாஸ்டிக் தனி என்று வைத்த பிறகுதான் டப்பாவையே திறப்பேன். ரிவெட் இருந்த இடத்தில் மரை போட்டுச் சின்ன ஸ்க்ரூ மாட்டிவிடுகிறேன். அடுத்த முறை பிரிக்கவும் வசதி.

உரித்த உலோகத்தை அப்படியே வைக்கக் கூடாது என்பதும் இந்த ஊர் கற்றுக்கொடுத்ததுதான். உரித்துவிட்டு கணபதி விடுமுறையில் பெயின்ட் அடிக்கலாம் என்று ஒரு சேஸை மூன்று வாரம் காகிதத்தில் சுற்றி வைத்தேன். பிரித்தால் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளைத் தூள். துத்தநாகம் ஈரக் காற்றில் இப்படித்தான் பூக்கும். அன்றே தேய்த்து, அன்றே பிரைமர் அடித்தவை எல்லாம் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. ஆறு ஆண்டு தாண்டிய பிரைமர்கூட ஓரத்தில் உரியவில்லை.

மேல் பூச்சு வேறு கதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்பிரே டப்பாவைத் தொடாதீர்கள். பெயின்ட் உலரும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சிவப்பு வண்டிமேல் பால் சிந்தியதுபோல் மங்கல் விழும். இரண்டு வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். டிசம்பர், ஜனவரியில் மொட்டைமாடியில் அடித்தால் கண்ணாடி மாதிரி வரும். அதற்கும் எங்கள் சொசைட்டி செயலாளர் ஒரு தடவை ஏறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்புறம் தெருமுனை டிங்கரிங் கடைக்காரரோடு சிநேகமானேன். இங்கே டென்டிங் பெயின்டிங் என்பார்கள். காருக்கு அடிக்கும் டூ-கே பெயின்டை, நான் கொண்டுபோன பழைய மட்கார்டைப் பார்த்து நூறு மில்லி கலந்து கொடுத்தார். அவர் கூடத்திலேயே அடித்தும் தந்தார். ஐந்து வருஷமாகியும் நிறம் வெளுக்காதது அந்த நாலு வண்டிதான். அந்தப் பெயின்ட் கெட்டிப்படக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கிறது, துணி மாஸ்க் அதற்குக் காணாது. வீட்டுக்குள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

டயரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெயின்ட் நன்றாக இருக்கும், உலோகம் நன்றாக இருக்கும், டயர்தான் முதலில் காலை வாரும். மென்மையான பிளாஸ்டிக் டயரில் அதை வளைய வைக்கிற எண்ணெய் போன்ற பொருள் ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் அது மெல்லக் கசிந்து வெளியே வரும். வந்தால் டயர் பிசுபிசுக்கும், அது தொடுகிற பிளாஸ்டிக் ரிம்மைக் கரைக்கும், கீழே விரித்த தாளில்கூடக் கருவட்டம் பதியும். என்னிடம் ஆறு வண்டியில் இது நடந்திருக்கிறது. உண்மையான ரப்பர் டயர் ஒட்டாது, ஆனால் வெடிப்பு விடும். இப்போது எல்லா வண்டிக்கும் அச்சின் கீழே ஒரு மரக்கட்டை வைத்து டயர் தரையில் படாமல் தூக்கி நிறுத்துகிறேன். கராஜில் நிற்கிற பழைய கார் மாதிரி இருக்கிறது என்று பையன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

போன டயருக்குப் பதில் டயர் கிடைப்பது கஷ்டம். நல்ல டயர் ஒன்றை வைத்து சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, கறுப்பு ரெசினில் வார்த்துப் பார்த்தேன். காற்றுக்குமிழி விழுந்து பாதி வீணாயிற்று. இப்போது டிபியு என்கிற வளையும் பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சு எடுத்துத் தருகிறார்கள், அது பரவாயில்லை. மாஸி 1035இன் பின்பக்க டயர் அளவு 12.4-28, உயரம் நாலடிக்குக் கொஞ்சம் மேலே. பதினாறால் வகுத்தால் எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு நூல் குறைவு. இந்தக் கணக்கைப் போட்டு வரைபடம் கொடுத்தால்தான் சரியாக வரும். “டிராக்டர் டயர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் லாரி டயர் கைக்கு வரும், எனக்கு வந்தது.

ஸ்டிக்கர், பசை விஷயம் சுருக்கமாக: தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற டெக்கால் மேல் கிளியர் கோட் அடிக்காவிட்டால் இரண்டே வருஷத்தில் பழுப்பு. கேபின் கண்ணாடிக்குப் பக்கத்தில் சூப்பர் க்ளூ வைத்தால் வெள்ளைப் புகை படிந்து கண்ணாடி குருடாகிவிடும்.

சரி, எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். உலகத்தில் எந்தக் கம்பெனி டிராக்டரை வாங்கினாலும் பின்னால் வருவது வைக்கோல் கட்டும் இயந்திரம், பெரிய விதைப்பான், மடக்குக் கலப்பை. நம் ஒன்பது கொத்துக் கலப்பையோ சேற்றுழவுக்கு மாட்டுகிற, இரும்பு வளையமும் குறுக்குப் பட்டைகளுமான கேஜ் வீலோ கடையில் எங்கும் பார்த்ததில்லை. காவிரிப் பாசனத்து ஆளுக்கு கேஜ் வீல் இல்லாத டிராக்டர் என்ன டிராக்டர்? அதனால் ஒரு 1:16 மாஸியை எடுத்து, ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு நானே செய்ய உட்கார்ந்தேன்.

வளையத்துக்கு சைக்கிள் ஆரக்கம்பி. இரண்டு மில்லிமீட்டர் கனம், பதினாறால் பெருக்கினால் ஒன்றேகால் இன்ச் பைப். பட்டைக்கு என்ன செய்வது என்று ஒரு மாதம் யோசித்தேன். விடை மும்பை மழையிலேயே கிடைத்தது. தாதர் ஸ்டேஷன் வாசலில் காற்றுக்கு மடங்கி உடைந்த குடை ஒன்று கிடந்தது. அதன் கம்பி வெறும் கம்பியல்ல, வாய்க்கால் மாதிரி மடித்த மெல்லிய தகடு. மூன்று மில்லிமீட்டர் அகலம், கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு இன்ச் ஆங்கிள். அந்த வருஷம் ஜூலையில் ஒன்பது செத்த குடைகளைப் பொறுக்கினேன். மேல் பூச்சை அரத்தால் எடுத்து, ஆசிட் ஃப்ளக்ஸ் தொட்டு, ஈயப் பற்று வைத்தால் நன்றாகப் பிடிக்கிறது. பற்று வைத்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். நான் ஒரு சக்கரத்தைக் கழுவவில்லை, பத்து நாளில் துரு. பார்த்தால் அதுதான் அசல் மாதிரி இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

போட்டோ எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். உடனே போன். “ஏன்டா, பட்டைய நேரா வச்சிருக்க? சாய்ச்சு வைடா, இல்லாட்டி சேத்துல ஒவ்வொரு பட்டையும் தொம்மு தொம்முன்னு விழுந்து இடுப்பு கழண்டுரும்.” எல்லாவற்றையும் பிரித்துச் சாய்த்து வைத்தேன். மறுபடி அனுப்பினேன். இந்த முறை நேரே திட்டே வந்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே பக்கம் சாய்த்திருக்கிறேன், ரெண்டு காலுக்கும் இடது செருப்பு போட்ட மாதிரி. மூன்றாம் முறைதான் தேறியது. ஒரு ஜோடி சக்கரத்துக்கு எனக்கு ஆன காலம் நாலு மாதம்.

சேறு பூசாமல் கேஜ் வீல் எதற்கு? ஊரிலிருந்து மாத்திரை டப்பாவில் வயல் மண் கொண்டுவந்து, தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் குழைத்து மட்கார்டின் அடியிலும் பட்டைகளிலும் அப்பினேன். அருமையாக இருந்தது, ஆகஸ்ட் வரை. அப்புறம் மண்ணிலிருந்த வேர்த்தூளில் பூஞ்சை பிடித்து வண்டி முழுக்க நரைத்துவிட்டது. அதற்குப் பின் மண்ணைச் சலித்து, வாணலியில் நன்றாக வறுத்து ஆறவைத்துத்தான் பூசுகிறேன். மூன்று மழைக்காலமாகப் பூஞ்சை இல்லை. “ஏங்க, மண்ணை வறுக்கிறதுக்குன்னு தனியா ஒரு வாணலி வாங்கிக்கங்க” என்று மனைவி சொன்னாள். வாங்கிவிட்டேன். அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளும் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை அதே வாணலியில் அவற்றையும் கொட்டிச் சூடேற்றி ஈரம் போக்கிக்கொள்கிறேன்.

காசு விஷயம். நான் ஆரம்பித்தபோது வெளிநாட்டுப் பொம்மைக்குச் சுங்க வரி 10 சதவீதம், 2018இல் 20. 2020 பட்ஜெட்டில் 60 ஆயிற்று, 2023இல் 70. போதாததற்கு தபால் செலவு. ஜமாக் வண்டி கனமானது. அதனால் புதிது வாங்குவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். பழையது, உடைந்தது, சக்கரம் போனதுதான் என் பட்ஜெட். பழகிக்கொள்ள நம்மூர் சென்டி டாய்ஸ் டிராக்டர் ஒன்றை வாங்கிப் பெயின்ட் அடித்துப் பார்க்கலாம். விலை குறைவு, கெட்டாலும் மனசு வலிக்காது.

ஒன்றை மட்டும் நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. அந்த முதல் எர்ட்ல் மாஸி. அதன் பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்ததே தவிர முக்கால்வாசி அசலாக இருந்தது. ஏதோ ஒரு பிள்ளை வருஷக்கணக்கில் தரையில் ஓட்டி ஓட்டித் தேய்த்த அடையாளம் அடிப்பக்கமெல்லாம் இருந்தது. நான் அதையெல்லாம் சுரண்டி எடுத்து, புதுச் சிவப்பு அடித்து, கடையில் நேற்று வாங்கியது மாதிரி ஆக்கிவிட்டேன். விலை போகாது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அலமாரியில் மற்ற இருபத்திரண்டுக்கும் ஏதாவது ஒரு முகம் இருக்கிறது, அதற்கு மட்டும் இல்லை. இப்போதெல்லாம் முக்கால் பங்கு பெயின்ட் மிச்சமிருந்தால் சோப்புத் தண்ணீர், பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் மெழுகு, அத்தோடு சரி.

போன தை மாதம் சித்தப்பா ஒரு கல்யாணத்துக்காக மாட்டுங்கா வந்தவர், வீட்டுக்கும் வந்தார். கேஜ் வீல் வண்டியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பட்டைகளை விரலால் எண்ணினார். ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் வண்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரி, டிப்பர் கொண்டியில போடுற பின்னு எங்கடா?” என்றார். ஊக்கை வளைத்து ஒன்று செய்தேன், தடிமன் பத்தவில்லை. ஆரக்கம்பி ஓட்டைக்குள் போகவில்லை. அந்த ஒரு பின்னுக்குத்தான் இப்போது பொருள் தேடிக்கொண்டிருக்கிறேன்.